ஓசூர் பட்டறையின் கார்பன் ஸ்கேட் பூட்: அச்சில் அசத்தல், போல்ட்டில் சறுக்கல்

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய ஒரு சந்தில், வண்டிக் கம்பெனிகளுக்கு ஃபைபர் பாகங்கள் செய்துகொடுக்கும் சின்னப் பட்டறை ஒன்று, கேட்டவர்களுக்குக் கால் அச்செடுத்து கார்பன் ஸ்கேட் பூட்டும் செய்து தருகிறது. வாசலில் போர்டு கிடையாது. கையில் இருக்கிற ஆர்டரே மூச்சு முட்டுகிறது, பெயரைப் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதால் இங்கேயும் பெயர் இல்லை. காலையில் ரோட்டில் சக்கரம் ஓட்டும் ஓசூர் பசங்களைக் கேட்டால் வழி சொல்வார்கள். இந்த வேலையை வேறு எந்த ஊரில் யாரிடம் கொடுத்தாலும் பார்க்க வேண்டியவை இவையேதான் என்பதால், பூட்டைப் பற்றியும் அது செய்யப்படும் விதத்தைப் பற்றியும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது 42 சைஸில் ஒரு ஜோடி ஷார்ட் ட்ராக் (ஐஸில் சின்ன வட்டத்தில் ஓடும் வேகப் பந்தயம்) ஐஸ் பூட். போட்டவர் 68 கிலோ எடையுள்ள, கால் வளர்ச்சி நின்றுபோன ஸ்கேட்டர். ஓசூரில் சக்கரத்தை மாட்டியும், டேராடூன் ஹிமாத்ரி ஐஸ் அரங்கில் பிளேடை மாட்டியும் ஓட்டிப் பார்த்தது. கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில்: கால் பிடிப்பில் இந்தப் பூட்டைக் குறை சொல்ல முடியாது. பிளேடு மாட்டும் பிளாக்கில் கவனம் போதவில்லை. வளரும் குழந்தைக்கு இது வேண்டாம்.

எடையை எல்லோரும் முதலில் கேட்பார்கள். லேஸும் இன்சோலும் சேர்த்து, பிளேடும் அதைப் பூட்டோடு பிணைக்கும் கப்பும் இல்லாமல், இடது பூட் 462 கிராம், வலது 471. இதே கால் முன்பு போட்டிருந்த ரெடிமேட் பூட் ஒற்றைக்கு 640 கிராம். இந்த வித்தியாசத்துக்கு கார்பன்தான் காரணம் என்று நினைப்பது வழக்கம். பழைய பூட்டிலும் கார்பன் இருந்தது. ரெடிமேட் ஷெல் (பூட்டின் கெட்டியான வெளிக்கூடு) எத்தனையோ விதமான கால்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதால் உள்ளே இடம் விட்டுச் செய்வார்கள். அந்த இடத்தை ஃபோம் நிரப்புகிறது, தடித்த நாக்கு நிரப்புகிறது, இரண்டாவது இன்சோல் நிரப்புகிறது. அதற்கு மேல் வியர்வை வேறு ஊறி எடையைக் கூட்டும். காலை ஒட்டியே ஷெல் வந்துவிட்டால் இதில் பாதி தேவைப்படாது. இந்தப் பூட்டில் கணுக்காலைச் சுற்றி மட்டும் 3 மி.மீ. ஃபோம், மற்ற இடமெல்லாம் லைனிங், அதன் மேல் நேராக கார்பன். எடை குறைந்தது பொருத்தத்தின் பலன். காசு கொடுப்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "எத்தனை கிராம் வரும்?" என்று பேரம் பேசுகிறார்கள். "எப்படி அச்செடுப்பீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கார்பன் துணியை இறுக வைக்கும் பிசினான ரெசினிலும் எடை ஒளிந்திருக்கிறது. 42 சைஸ் ஷெல்லுக்கு அடிப்பாகம், குதிக் கிண்ணம், பக்கச் சுவர் எல்லாம் சேர்த்துச் சுமார் 0.08 சதுர மீட்டர் பரப்பு. சதுர மீட்டருக்கு 200 கிராம் வரும் கார்பன் துணி சராசரியாக ஐந்து அடுக்கு போட்டால் துணி மட்டும் 80 கிராம். பிளாஸ்டிக் பையில் மூடி பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சினால், மிகுதி ரெசின் பிழியப்பட்டு மொத்த எடையில் 40 சதவீதத்தில் நிற்கும். ஷெல் 135 கிராம் அளவில் முடியும். பிரஷ்ஷில் தடவி அப்படியே காயவிட்டால் ரெசின் 55, 60 சதவீதம் வரை போய், அதே துணி 180 முதல் 200 கிராம் ஷெல்லாகிவிடும். கூடுதல் ரெசின் பலத்தையும் கூட்டாது. தனியாக ரெசின் தேங்கிய இடம்தான் முதலில் விரிசல் விடும். இந்த ஜோடியில் வலது பூட் 9 கிராம் கூட இருப்பதற்குக் காரணம் குதிக்குப் பின்னால் விரலால் தடவினாலே தெரிகிறது: பை மடிப்பு விழுந்த இடத்தில் ரெசின் ஒரு வரப்பாக நிற்கிறது. ஓடும்போது உணர முடியாத எடைதான். ஆனால் வேலை பார்த்தவர் அன்று அவசரத்தில் இருந்தார் என்று தெரிகிறது.

இனி அச்சு. இந்தப் பட்டறையின் உண்மையான கைத்திறமை இங்கேதான் இருக்கிறது.

காலுக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறை சுற்றி, வலிக்கும் எலும்புகளையெல்லாம் நிறப் பென்சிலால் குறிக்கிறார்கள். அந்தக் கோடுகள் ஈரக் கட்டுத் துணியில் ஒட்டி, கடைசியில் உள்ளே ஊற்றும் அச்சுக்கும் வந்துவிடும். காலின் முன்பக்கம் நெடுக ஒரு பிளாஸ்டிக் குழாய். பிற்பாடு மாவுக்கட்டை வெட்டும் கத்தி அதன் மேல்தான் ஓடும், தோலில் படாது. அதன் மேல் 15 செ.மீ. அகல மாவுக்கட்டுத் துணி, நான்கு அடுக்கு. ஐந்தாறு நிமிடத்தில் இறுகிவிடும். அந்த ஐந்தாறு நிமிடத்தில் கால் எப்படி இருந்ததோ, பூட்டின் ஆயுளுக்கும் அப்படியேதான் இருக்கும்.

கால் எப்படி இருக்க வேண்டும்? எழுந்து நின்று முழு எடையையும் வைத்தால் பாதவளைவு அமுங்கிப் பாதம் நீண்டுவிடும். உட்கார்ந்திருக்கும்போதும் நிற்கும்போதும் ஒரே காலின் நீளம் 3 முதல் 6 மி.மீ. வரை மாறும். நின்று எடுத்த அச்சில் செய்த பூட்டில் குதிகால் ஆடும். காலைத் தொங்கவிட்டு எடுத்தால் அச்சு ஒடுங்கி, பூட் போட்ட பத்து நிமிடத்தில் உள்ளங்கால் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், ஸ்டூலில் உட்கார்ந்து, பூட்டில் குதி எவ்வளவு உயரமோ அதே உயரக் கட்டையைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேர் மேலே வரும்படி முன்னால் சாய வேண்டும். இங்கே அச்செடுக்கும் பெரியவர் தரையில் உட்கார்ந்து, "முட்டிய முன்னாடி தள்ளுங்க தம்பி, வெரல மட்டும் மடக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே, கட்டுத் துணி இறுகும்வரை இரண்டு கட்டைவிரலாலும் குதிகாலின் இரு பக்கமும், கணுக்கால் எலும்புக்குச் சற்றுக் கீழே அழுத்திப் பிடித்திருக்கிறார். அந்தக் கட்டைவிரல் பள்ளம்தான் பிற்பாடு குதிகாலைப் பூட்டுக்குள் கவ்விக்கொள்கிறது.

கால் நின்ற பலகை ஒரு கிரானைட் துண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல் வெட்டும் யூனிட்டுகளில் பாலிஷ் போட்ட ஓரத் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. தளம் அசையாது, ரெசின் கொட்டினாலும் சுரண்டிவிடலாம், அச்சை அதன் மேல் வைத்தால் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று உடனே தெரியும். காசு போட்டு வாங்கும், அளவு பார்க்கும் சமதள மேஜைக்கு இது ஒன்றும் குறைந்ததல்ல.

வெட்டி எடுத்த கூட்டை மறுபடி கட்டி, உள்ளே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மோர்ப் பதத்தில் ஊற்றுகிறார்கள்: 100 பங்கு மாவுக்கு 65 பங்கு தண்ணீர். இறுகியதும் உடைத்து எடுத்தால் காலின் வெள்ளை நகல். அடுத்துக் காய வைப்பது. பலரும் அவசரப்படும் கட்டம் இது. ஈரம் உள்ளே இருக்கும்போதே கார்பனைச் சுற்றி பம்பையும் சூட்டையும் கொடுத்தால், அந்த ஈரம் ஆவியாகி ரெசினுக்குள் நுரை நுரையாகக் குமிழ் விடும். சீக்கிரம் காயட்டும் என்று 60 டிகிரிக்கு மேல் அடுப்பில் வைத்தாலும் ஆபத்து; பிளாஸ்டர் தன் கட்டுநீரை இழந்து சுண்ணாம்பு மாதிரி உதிர ஆரம்பிக்கும். நிழலில் இரண்டு நாள், பிறகு 50 டிகிரிச் சூட்டில் ஒரு நாள் என்பது இவர்கள் கணக்கு. எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். தராசு வைத்தே பார்க்கிறார்கள். ஓசூரில் ஐப்பசி அடைமழையில் இது ஒரு வாரம்கூட இழுக்கும். "டெலிவரி ஏன் லேட்?" என்று போனில் கத்துபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

காய்ந்த நகலை அப்படியே வைத்து பூட் செய்தால் கால் உள்ளே போகாது, போனாலும் நிற்காது. அதனால் அரமும் பூச்சும். கூட்டும் இடங்கள்: விரல் முனையில் 4 மி.மீ., இரண்டு கணுக்கால் எலும்புக்கும் தலா 3, உள்பக்கம் பாதவளைவின் மேல் புடைக்கும் எலும்புக்கு 2, சுண்டுவிரல் பக்கம் நடுப்பாதத்தில் முட்டும் எலும்புக்கு 2. செதுக்கும் இடங்கள்: குதிகாலின் இரு பக்கமும் ஒன்றரை மி.மீ., குதிகால் நரம்பின் இரு ஓரமும் கொஞ்சம். நரம்பின் மேல் கை வைக்கவே கூடாது. வேக ஸ்கேட்டர்களுக்குக் குதிகாலின் பின்னால் கெட்டியாக ஒரு புடைப்பு வருவது சாதாரணம். அது இருந்தால் அச்சில் அந்த இடத்தை உயர்த்தவும் வேண்டும், அதே நேரம் அதற்குக் கீழே பிடியும் குறையக் கூடாது. இதை இங்கே சரியாகச் செய்திருக்கிறார்கள். லேஸைத் தளர்த்தி, முன்பாதத்தில் நின்று குதிகாலைத் தூக்கிப் பார்த்தாலும் பூட் கூடவே எழுகிறது.

விரல் இடைவெளி பற்றி ஒரு சண்டை எப்போதும் இருக்கும். பூட்டில் நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கி ஓடும் நிலைக்கு வந்தால் கால் பின்னால் போய் விரல் விடுபட வேண்டும். நடக்கும் ஷூ வாங்கும் பழக்கத்தில் ஒரு கட்டைவிரல் இடம் கேட்பவர்கள், வளைவில் கால் முன்னே வழுக்கி நகம் கறுத்துப்போய் வருவார்கள்.

அடுக்கும் முறையில் சொல்ல வேண்டியது ஒன்றிரண்டு. முதலில் மைக்ரோஃபைபர் லைனிங்கை அச்சின் மேல் இழுத்து ஒட்டுகிறார்கள், ஃபோம் அதன் மேல், கார்பன் அதற்கும் மேல், வெளித்தோல் கடைசி. இந்த வரிசையால் ஃபோமின் கனம் தானாகவே கணக்கில் வந்துவிடும். ஷெல்லைத் தனியாகச் செய்துவிட்டு உள்ளே லைனிங் ஒட்டுகிறவர்கள் அரை சைஸ் இறுக்கத்தைப் பரிசாகத் தருவார்கள். அடிப்பாகத்தில் நார் நெடுக ஓடுகிறது, பக்கச் சுவரில் 45 டிகிரிக்குச் சாய்ந்து ஓடுகிறது. நெடுக ஓடுவது அடி வளையாமல் பார்த்துக்கொள்ளும், சாய்ந்து ஓடுவது முறுக்கைத் தாங்கும். கணுக்காலுக்கு மேலே கார்பன் இரண்டு சிறகாகப் பிரிந்து, பின்னால் நரம்பிருக்கும் இடத்தில் காலியாக விடப்பட்டிருக்கிறது. பக்கவாட்டில் அசையாது, முன்னால் மடங்கும். மேல்வரை முழுக்க கார்பன் சுற்றிக் கொடுக்கும் பூட் பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும். போட்டால் முட்டி மடங்காது, ஸ்கேட்டர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி பின்னால் சாய்ந்தே ஓடுவார்.

எப்பாக்ஸி என்ற வகை ரெசினைக் கலப்பதில், பாலியெஸ்டர் ரெசின் பழக்கம் உள்ளவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. குளிர் காலமென்றால் ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுவார்கள். பாலியெஸ்டரில் இறுக வைக்கும் மருந்தான கேட்டலிஸ்ட்டை ஓரளவு கூட்டிக் குறைக்கலாம். எப்பாக்ஸியில் இரண்டு பாகமும் ஒன்றோடொன்று சேர்ந்துதான் இறுகுகின்றன, டப்பாவில் போட்ட விகிதம் மாறினால் மிஞ்சியது மிஞ்சியபடியே கிடக்கும், ஷெல் ரப்பராகவே நிற்கும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் மார்கழி இரவில் ரெசின் தேன் மாதிரி கெட்டியாகி துணிக்குள் இறங்காது. இவர்கள் டப்பாவை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, அச்சை பல்பு போட்ட பெட்டிக்குள் வைக்கிறார்கள். அதே ஆட்கள் தர்மபுரியில் சித்திரை வெயிலில் வேலை செய்தால் கலவை கையிலேயே கட்டியாகிவிடும் என்பதால், ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காமல் இருப்பதும் நல்ல பழக்கம். மழைநாளில் இறுகிய ரெசின் மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவாமல் நேரே உப்புத்தாள் போட்டால் பிசுக்கு உள்ளேயே பரவி, அடுத்த அடுக்கு ஒட்டாது. இந்த ஜோடியில் அந்தப் பிரச்சினை இல்லை: ஐந்து ரூபாய் நாணயத்தால் ஷெல் முழுக்கத் தட்டிப் பார்த்ததில் எங்கும் 'டிக்' என்ற தெளிவான சத்தமே வந்தது. அடுக்கு விட்டிருந்தால் அந்த இடம் மட்டும் 'தொப்' என்று செத்த சத்தம் கொடுக்கும்.

இவ்வளவு நேர்த்தியாகச் செய்துவிட்டு பிளாக்கில் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

பூட்டின் அடியில் முன்னும் பின்னும் தலா ஒரு அலுமினிய பிளாக், கார்பன் அடுக்குகளுக்கு நடுவே புதைந்திருக்கிறது. பிளேடின் கப்பை அதில்தான் எம்6 (6 மி.மீ.) போல்ட் போட்டு மாட்ட வேண்டும். இரண்டு பிளாக்கின் நடுக்கோடும், குதிகாலின் மையத்திலிருந்து இரண்டாவது விரலை நோக்கிப் போக வேண்டும். இடது பூட்டில் பின் பிளாக் 2 மி.மீ. உள்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஷார்ட் ட்ராக்கில் ஓட்டம் முழுக்க இடது பக்கம் திரும்புவதுதான், 111.12 மீட்டர் வட்டத்தில் எப்போதும் இடது சாய்வு. அதனால் பிளேடை இரண்டு பூட்டிலும் இடது பக்கம் தள்ளி மாட்டுவார்கள்: இடது காலில் வெளிப்பக்கம், வலது காலில் உள்பக்கம். சாயும்போது பூட்டின் ஓரம் ஐஸில் உரசாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. உரசினால் பிளேடின் மேல் இருந்த எடை பூட்டுக்கு மாறி, ஸ்கேட்டர் நேராகப் பக்கவாட்டு மெத்தைக்குப் போய்ச் சேருவார். இடது பூட்டில் வெளிப்பக்கம் தள்ள வேண்டிய பிளேடுக்கு, உள்பக்கம் நகர்ந்த பிளாக் என்றால், கப்பின் நீள்துளையில் சரிசெய்ய மிஞ்சும் இடம் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கடைசி மில்லிமீட்டர் வரை தள்ளித்தான் இந்த இடது பிளேடு சரியான இடத்துக்கு வந்தது. இன்னும் சாய்ந்து ஓடப் பழகும்போது மேலே நகர்த்த இடமில்லை.

பிளாக்கில் இன்னொரு குறையும் உண்டு. அலுமினியத்தில் எம்6 மரை பிடித்து நிற்கக் குறைந்தது 9 மி.மீ. ஆழம் வேண்டும். பிளாக் 10 மி.மீ. கனம், சரி. ஆனால் மரைக்குள் இரும்புச் சுருள் போடவில்லை. பிளேடைத் தீட்டவும் வளைவு கொடுக்கவும் கழற்றி மாட்டுகிற பூட்டில், வெறும் அலுமினிய மரை ஒரு சீசனுக்கு மேல் தாங்குவது கடினம். ஓசூரில் தெருவுக்குத் தெரு லேத்தும் டூல் ரூமும் இருக்கும்போது, ஸ்டீல் சுருள் போடுவதற்கு ஆகும் செலவு இந்தப் பூட்டின் விலையில் ஒரு தூசு. கேட்டால் போட்டுத் தருகிறார்கள். கேட்காமலே போட்டிருக்க வேண்டும். நல்லதாக ஒன்று: அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் நடுவில் ஒரு அடுக்கு கண்ணாடி நார் வைத்திருக்கிறார்கள். வியர்வையின் உப்பு ஈரத்தில் இந்த இரண்டும் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடி கக்கி, ஒருநாள் பிளாக் கையோடு வந்துவிடும்.

சக்கர ஃபிரேமுக்கு, முன் பின் போல்ட் துளைகளுக்கு நடுவே இன்று 195 மி.மீ. இடைவெளி வழக்கம், பழைய பூட்டுகளில் 165. ஐஸ் கப்புகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே பூட்டில் இரண்டும் ஓட்ட நினைப்பவர்கள் ஃபிரேம், கப் இரண்டையும் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அளவு அனுப்பி வேலை ஆகாது.

ஐஸில் எப்படி? 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டப்பட்டு, பல வருடம் பூட்டிக் கிடந்து, மறுபடி உயிர்பெற்ற டேராடூன் அரங்கம்தான் நம் பக்கத்து ஸ்கேட்டர்கள் முழு அளவு வட்டத்தில் பூட்டைச் சோதித்துப் பார்க்கப் போகும் இடம். சக்கரத்தில் தெரியாத இரண்டு விஷயங்கள் அங்கே தெரியும். ஒன்று, குளிரில் ஃபோம் விறைக்கும். ஓசூரில் மெத்தென்று இருந்த கணுக்கால் பகுதி ஐஸில் முதல் பத்து நிமிடம் பலகையாக இருந்தது. கால் சூட்டில் பிறகு இளகியது. குறைவான ஃபோம் உள்ள பூட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு, அதனால் இங்கே சமாளிக்க முடிந்தது. இரண்டு, விளிம்பில் நிற்கும்போது பூட் கொஞ்சம் திருகினாலும் ஐஸ் உடனே காட்டிக்கொடுக்கும். ரப்பர் சக்கரம் அதை மறைத்துவிடும். இந்த ஷெல் திருகவில்லை. கணுக்காலை அசைத்த கணமே பிளேடு பதில் சொல்கிறது. பழைய பூட்டின் தளர்வுக்குப் பழகிய ஸ்கேட்டருக்கு முதலில் இது அதிகப்படியாகவே தோன்றும்.

நாக்கு மட்டும் ஓட ஓட வெளிப்பக்கம் சரிகிறது. நடுவில் லேஸ் நுழைக்க ஒரு பட்டி தைத்தால் தீரும். மேல் விளிம்பில் கார்பன் வெட்டு முனை ஒரு இடத்தில் வெளித்தோலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது. உப்புத்தாள் போட்டு ஒரு சொட்டு ரெசின் வைத்தால் போதும், ஆனால் தோலைக் கிழிக்கும் முனை அது.

அச்செடுக்க வசதியில்லாதவர்களுக்கு, சூட்டில் இளகும் ரெடிமேட் பூட் நல்ல மாற்று. ஆஸ்திரேலியாவின் பாண்ட் மாதிரி கம்பெனிகள் இதைப் பல வருடமாகச் செய்கின்றன. வீட்டு ஓடிஜியில் (மின்சார பேக்கிங் அடுப்பு) 80 டிகிரி, 15 முதல் 20 நிமிடம். பூட்டோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. வீட்டு அடுப்பின் முள்ளை நம்பாதீர்கள், தனி வெப்பமானி உள்ளே வைத்து, 80-ல் நிலைத்த பிறகு பூட்டை வையுங்கள். பூட் எந்தச் சுவரையும் தொடக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். கார்பனும் அலுமினியமும் உள்ளே பொறி பறக்கவிடும். எடுத்ததும் காலை நுழைத்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து, லேஸை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்வாகக் கட்டி, முட்டியை முன்னால் சாய்த்து உட்கார்ந்தே இருங்கள். எழுந்து நின்றால் இளகிய அடிப்பாகம் வளைந்து பிளாக்கின் நேர்கோடு போய்விடும். இந்த முறையில் பக்கவாட்டில் மூன்று நான்கு மி.மீ. வரை மாற்றலாம். நீளத்தை மாற்ற முடியாது.

வலிக்கும் இடம் ஷெல்லில் எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க, எலும்பின் மேல் கொஞ்சம் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து வைத்து, சாக்ஸ் இல்லாமல் காலை நுழைத்து எடுத்தால் லைனிங்கில் பொட்டு விழும். அந்த இடத்தை மட்டும் ஹீட் கன்னால் சூடாக்கி, உள்ளிருந்து கரண்டிக் காம்பால் தள்ளலாம். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஃபோம் சுருங்கி ஒட்டுப் பசை விட்டுப்போகும். ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டறைப் பூட்டிலும் இதே முறைதான், காரணம் இவர்கள் பயன்படுத்துவதும் சூட்டில் இளகும் ரெசின். அதற்கேற்ற எச்சரிக்கையும் உண்டு: மே மாதம் கிருஷ்ணகிரியில் வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். பிளேடு மாட்டிய பூட்டை டிக்கியில் சாய்த்துப் போட்டுவிட்டு சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது குதிக் கிண்ணம் விரிந்திருக்கும்.

ஃபிகர் ஸ்கேட்டிங் பூட் கேட்டுப் போனால் இங்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நியாயம்தான். குதித்து இறங்கும்போது உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் ஒரே காலில் விழும். அதற்கு உயர்ந்த குதியும், முன்னால் மடங்கித் தாங்கும் மேல்பாகமும் வேண்டும். வேக பூட்டின் அச்சை வைத்துக்கொண்டு அதைச் செய்யக் கூடாது.

குழந்தைகள் விஷயம். சென்னை ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் சக்கர வேக ஸ்கேட்டிங்கில் உலகப் பட்டம் வென்றதற்குப் பிறகு, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அச்செடுத்த கார்பன் பூட் கேட்கும் பெற்றோர் வந்துவிட்டார்கள். ஐரோப்பிய அளவில் ஒரு சைஸ் என்பது 6.67 மி.மீ. அந்த வயதுக் கால் ஒரு வருடத்தில் அதைவிட அதிகம் வளரும். கார்பன் விரியாது. ஆறு மாதத்தில் விரல் மடங்கி ஓட ஆரம்பிக்கும் பிள்ளை, வலிக்கிறது என்று சொல்லாமல் ஓட்டத்தையே மாற்றிக்கொள்ளும். சூட்டில் இளகும் ரெடிமேட் பூட், சரியான நீளத்தில், அதுவே போதும். பட்டறைக்காரரும் இதையே சொல்லித் திருப்பி அனுப்பினால் மரியாதை இன்னும் கூடும். காசு கொடுத்தால் செய்துவிடுகிறார்.

விலை ஜோடி 28,000 ரூபாய், பாதி முன்பணம். ஆறு வாரம் என்று சொல்லிப் பத்து வாரத்தில் கொடுத்தார்கள். ஒரு முறை சூடுபடுத்தித் திருத்துவது இலவசம், அடுத்த முறையிலிருந்து 1,500. பிளாஸ்டர் அச்சை ஒரு வருடம் வைத்திருப்பார்கள். ஊருக்கு எடுத்துப்போக விரும்பினால் கொடுத்துவிடுகிறார்கள், கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த ஜோடிக்கு அதுவே பாதி வேலை. வாங்கும்போது பூட்டை அதே கிரானைட் துண்டின் மேல் கவிழ்த்து, குதி மையத்திலிருந்து இரண்டாவது விரலுக்கு நூல் பிடித்து, இரண்டு பிளாக்கின் துளையும் நூலின் கீழே வருகிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வெளி அடுக்கை வெட்டி பிளாக்கை மாற்றி ஒட்ட அவர்களுக்கு இரண்டு நாள் போதும்.